நடவு தேதி

வெள்ளிமலைக்கு மேலே,
10.06.2024

அன்புள்ள ரெஜி,

இங்கே எல்லோரும் சுகம். மழைதான் போக மனமில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டது. எங்கள் வீட்டு வாத்தியார் தமிழ்வேந்தன் குடையோடு பள்ளிக்குப் போகிறார், குடையோடு நனைந்து திரும்புகிறார். போனில் பேச வேண்டுமென்றால் பாறை மேல் ஏற வேண்டும். ஈரப்பாறையில் ஏறி விழுந்து கையை உடைத்துக்கொண்டால் நம் இரண்டு பேர் கம்பெனி ஒற்றைக் கை கம்பெனி ஆகிவிடும். அதனால் வழக்கம்போல் பென் டிரைவையும் இந்தக் கடிதத்தையும் கண்டக்டர் அய்யப்பன் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கல்யாணமாகி மலையேறியும் உன்னை விடவில்லை பார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆலைக்கு நாம் எழுதிய கரும்புப் பதிவு மென்பொருளின் கிளாஸை மொத்தமாகப் பிரித்துத் திரும்பக் கட்டிவிட்டேன். பழைய கன்ஸ்ட்ரக்டர் உனக்கு மறந்திருக்காது. விவசாயி பெயர், சர்வே எண், ரகம் என்று எல்லா விவரமும் வரிசை தப்பாமல் கொடுக்க வேண்டும். நடவு தேதியும் பதிவு தேதியும் அடுத்தடுத்து. இரண்டும் தேதிதானே என்று, கோடில் தப்புப் பிடிக்க வேண்டிய கம்பைலர் வாயைத் திறக்காது. முதல் பருவத்தில் நாம் அதை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டதற்கு, தியாகதுருகம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நம் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்து கிழித்தாரே, காது இன்னும் குளிரவில்லை.

இனி அந்த வம்பு இல்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கொடுக்கலாம். நடவு தேதி இது, ரகம் இது என்று எந்த வரிசையில் சொன்னாலும் சரி. முக்கியமான ஒன்றை விட்டுவிட்டால் கம்பைலரே மறிக்கும். இரண்டு பக்கம் ஓடிய வேலை கால் பக்கத்தில் அடங்கிவிட்டது.

இதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு. எப்போது வேண்டுமானாலும் மாற்ற விடுகிற 'செட்' இருந்த இடத்தில் எல்லாம் 'இனிட்' போட்டிருக்கிறேன். பதிவு பிறக்கிற அந்த நேரத்தில் மட்டும்தான் தேதியை வைக்க முடியும். பிறந்த பிறகு நீயும் நானும் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. முந்தி நட்டவருக்கு முந்தி வெட்டு என்பதுதான் ஆலையின் வரிசை. அந்தத் தேதியே நிலையாக இல்லாவிட்டால் நம் மென்பொருள் எதற்கு? இந்த வருஷப் பதிவு முழுவதையும் இதிலேயே ஏற்றியிருக்கிறேன், ஆலையில் இதையே ஓட்டு.

வீட்டில் ரீத்தா அம்மாவைக் கேட்டேன் என்று சொல். முழங்கால் வலிக்குக் கடுக்காய் அனுப்பச் சொன்னார்கள், பையில் இருக்கிறது.

உன்,
மலர்

---

கள்ளக்குறிச்சி,
19.06.2024

மலைராணி மலருக்கு,

உன் கவரைக் கொடுக்கும்போது அய்யப்பன் அண்ணன் பஸ் ஸ்டாண்டே கேட்கிற மாதிரி, "இன்னா ரெஜினா, மேல இருந்து மாசாமாசம் லவ் லெட்டரு வந்துக்கினே கீது, எப்பதான் கல்யாணம்?" என்றார். நான், "மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு வாத்தியார் இருக்காருங்க" என்றேன். டிரைவர் சிரித்துப் பஸ்ஸை எடுக்க மறந்துவிட்டார்.

புது கோடு பார்த்தேன். அழகாக இருக்கிறது, திமிராகவும் இருக்கிறது. உன்னை மாதிரியே. எல்லாம் சரி, வயல் வயலாகப் போய்ப் பதிகிற பீல்டுமேன் தூக்கக் கலக்கத்தில் தப்பான தேதியைத் தட்டிவிட்டால் என்ன செய்வது? மனுஷன் தப்பே செய்யமாட்டான் என்று நினைத்து எழுதினாயா? கரும்பு அலுவலர் சுபாஷ் சாரிடம் காட்டினேன். "அவசரத்துக்கு ஒரு வழி வேணாமா?" என்று முகத்தைச் சுளித்தார். வாடிக்கையாளர் முகம் சுளிப்பதை நீ மலையிலிருந்து பார்க்க வேண்டியதில்லை, நான் பார்க்கிறேன். இதுவும் ஒரு குறைதான், எழுதி வைத்துக்கொள்.

வீட்டில் தம்பி ரெக்ஸ் கவலைதான். ஆலையில் இன்னும் தற்காலிகமாகவே ஓட்டிக்கொண்டிருக்கிறான். பெண் வீட்டில், "பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் கல்யாண ஓலை எழுதலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியபடியே இருக்கிறார். அப்பா இருந்திருந்தால் இதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது தம்பிக்கு அக்காதான் அப்பா. கடுக்காய் கிடைத்தது. அம்மாவுக்கு வலி குறையவில்லை, ஆனால் மலர் அனுப்பியது என்று வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறார்.

அன்புடன்,
ரெஜி

---

வெள்ளிமலைக்கு மேலே,
22.07.2024

அன்புள்ள ரெஜி,

நீ கேட்டதற்குப் பதில் மிகவும் எளிது. தப்பான தேதி விழுந்துவிட்டால், அந்தப் பதிவைத் தொடாதே. அதை நகலெடுத்து, தேதியை மட்டும் திருத்திப் புதிதாக ஒன்றை உருவாக்கு. ஒரே வரியில் முடியும். பழையதும் அப்படியே கிடக்கும், புதியதும் இருக்கும். யார் எப்போது ஏன் திருத்தினார்கள் என்று பத்துப் பேர் முன்னால் காட்டலாம். மனுஷன் தப்புச் செய்வான் என்று தெரிந்துதான் இப்படி எழுதினேன். தப்பை மறைக்கத்தான் அதில் இடமில்லை. சுபாஷ் சாருக்கு முகம் சுளிக்கிறதென்றால் அதற்கும் கடுக்காய்தான்.

ஆடிக் கூழுக்கு அப்பா வீட்டுக்கு, மணலூர்பேட்டைக்குப் போயிருந்தேன். மாரியம்மன் கோயில் முன்னால் கரும்பு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். சாலம்மாள் அக்கா, புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய்க் கரும்பு வைத்துக் காப்பாற்றுகிறாரே, அவர்தான் எழுந்து கேட்டார்: "ஏம்மா மலரு, போன வருசம் நாங்க முந்தி நட்டோம், பெரிய தோட்டத்துக் கரும்பு முந்தி போச்சி. எங்குளுது பூ எடுத்து சக்கையாயிடுச்சி. இந்த வருசமும் தேதிய மாத்திட்டா இன்னா பண்றது?"

"மாத்த முடியாதுக்கா. நானே நெனச்சாலும் முடியாது. அம்மன் முன்னாடி சொல்றேன்" என்றேன். அக்கா, "நீ சொன்னா சரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

ரெஜி, அடுத்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பஸ் ஏற்றிவிட வந்த அப்பா வழியில் நின்று, "என்துது மாசி நடவு. கெணத்துல தண்ணி தை வரைக்கும்தான் தாங்கும். தேதிய கொஞ்சம் முன்னாடி போட முடியாதாம்மா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். "அப்பா, இப்பதான சாலம்மா அக்காகிட்ட சொல்லிட்டு வரேன்" என்றேன். "சும்மா கேட்டுப் பாத்தேன்" என்றவர், பஸ் வந்ததும் என் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். குத்தகை நிலத்தில் கூலிக்காரரோடு கூலிக்காரராய் நின்று என்னை இன்ஜினியர் ஆக்கியவர். என்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்று. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற வரை அழுதேன். சரியைத்தான் செய்தேன் என்று தெரிகிறது, ஆனாலும் ஆறவில்லை. நீ ஒரு வார்த்தை எழுது.

உன்,
மலர்

---

கள்ளக்குறிச்சி,
23.12.2024

என் மலருக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இத்தனை நாள் எழுதாததற்கு உதைக்க வேண்டுமென்றால் மலையிறங்கி வந்து உதை. ஆலை ஓட ஆரம்பித்துவிட்டது, எனக்கு மூச்சு விட நேரமில்லை.

நல்ல செய்தி முதலில். ரெக்ஸுக்குப் பர்மனென்ட் ஆகிவிட்டது! மாதா கண் திறந்துவிட்டாள். அம்மா அழுது முடித்து, சிரித்து முடித்து, இப்போது கல்யாணப் புடவை பார்த்துக்கொண்டிருக்கிறார். உனக்கு முதல் பத்திரிகை. வராவிட்டால் பந்தலைப் பிரித்துவிடுவேன்.

நீ அப்பாவைப் பற்றி எழுதியிருந்ததற்கு நான் பதிலே போடவில்லை, இல்லையா? நீ செய்தது சரிதான். ஆனால் எல்லாச் சரியையும் மனசில் ஏற்றிக்கொண்டு உருகாதே. பெரியவர்கள் மனசு ஒரு நாள் தானாகக் குளிரும்.

கோடில் ஆலை கேட்ட சின்னச் சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொண்டேன். நீ அலட்டிக்கொள்ளாதே, புதிய பிரதி அனுப்பவில்லை. அய்யப்பன் அண்ணனிடம் கேக் கொடுத்திருக்கிறேன். பாதியாவது உன்னிடம் வந்து சேரட்டும்.

அன்புடன்,
ரெஜி

---

வெள்ளிமலைக்கு மேலே,
20.01.2025

அன்புள்ள ரெஜி,

கேக் முழுசாக வந்தது. ரெக்ஸ் விஷயத்தில் எங்கள் இருவருக்கும் மிகுந்த சந்தோஷம்.

பொங்கலுக்கு மணலூர்பேட்டை போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வயல் பக்கம் பார்த்தேன். அப்பாவின் கரும்பு இல்லை. வெட்டி, தோகை கொளுத்தி, விட்ட அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு பச்சையாகத் துளிர்த்து நிற்கிறது. மாசி நடவு, ரெஜி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சாலம்மாள் அக்காவின் கரும்பு. மார்கழி நடவு. தலையெல்லாம் வெள்ளையாய்ப் பூ எடுத்து நிற்கிறது. வெட்டு உத்தரவு இன்னும் வரவில்லையாம்.

அக்கா வரப்பில்தான் நின்றார். "வாம்மா" என்று கூப்பிடவில்லை. "உங்கப்பன் கரும்பு போயி நாளாச்சி. என்துது பூத்துக்கினு நிக்குது, பாத்துட்டுப் போ" என்றார். சொல்லிவிட்டு ஆடு ஓட்டப் போய்விட்டார். என் கையிலிருந்த பொங்கல் கரும்புக் கட்டைத் தூக்கி வாய்க்காலில் எறியலாம் போலிருந்தது.

அப்பாவிடம் நான் கேட்கவில்லை. அவர் சிரித்த முகமாக இருந்தார், எனக்கு எடுத்துவைத்த சேலையைக் காட்டினார். எனக்குப் பயமாக இருந்தது.

அந்தத் தேதி எப்படி மாறியது? போனில் கேட்டால் நீ சிரித்தே தப்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இப்போது ஆலையில் ஓடுகிற பிரதியை அப்படியே பென் டிரைவில் போட்டு அனுப்பு. அதோடு, என்ன நடந்தது என்று நீயே உன் கையால் எழுது. தப்பாக ஏதாவது ஆகியிருக்கலாம், கிளாஸில் நானே ஓட்டை விட்டிருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

மலர்

---

கள்ளக்குறிச்சி,
29.01.2025

அன்பு மலருக்கு,

இதற்குப் போய் இவ்வளவு பெரிய கடிதமா? சரி, நேராகவே சொல்கிறேன். கார்த்திகையில் உன் அப்பா நம் அறைக்கே வந்தார். மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது அவருக்கு. "கெணறு வத்திடும் தாயி, எம் பொண்ணு முடியாதுன்னுட்டுது, நீயாவது செய்யி. அதுகிட்ட சொல்லிடாத" என்று கண் கலங்கினார். என் அப்பா ராயப்பனும் கடைசியில் அப்படித்தான் மூச்சு வாங்குவார், உனக்குத் தெரியும். என்னால் தாங்க முடியவில்லை. 'இனிட்'டை எடுத்துவிட்டு 'செட்' போட்டேன். தேதியை மார்கழிக்கு மாற்றினேன். உனக்கும் சேர்த்துத்தான் செய்தேன். நீ பஸ்ஸில் அழுததாக எழுதினாயே, அதை நான் மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீயே பார்ப்பாய். நீ விட்டுப்போன பழைய மடிக்கணினியில் உட்கார்ந்து செய்ததால் அந்த மாற்றம் உன் பெயரில்தான் விழுந்திருக்கிறது. ஒரு விதத்தில் அதுவும் நல்லதே. எழுதியவள் பெயரில் இருந்தால் யாரும் நோண்ட மாட்டார்கள்.

பெண் அப்பாவுக்குச் செய்தாள் என்றால் ஊரில் எவன் குறை சொல்வான்? மென்பொருள் நமக்காகத்தானே, நாம் அதற்காக இல்லையே. சாலம்மாள் அக்காவுக்கு இந்த வாரமே வெட்டு உத்தரவு போடச் சொல்லியிருக்கிறேன். பென் டிரைவை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. கல்யாணம் மாசி நடுவில்.

என்றும் உன்,
ரெஜி

---

மணலூர்பேட்டை,
17.02.2025

ரெஜினாவுக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எனக்கு உன் மேல் கோபம் பாதிதான் வந்தது. மீதிக் கோபம் அப்பா மேல் இருந்தது. நான் முடியாது என்று சொன்னதைக் கேட்டுவிட்டு உன்னிடம் போய் நின்றாரே என்று நினைத்தேன். அந்தக் கோபத்தோடுதான் மலையிறங்கி வந்தேன். அதற்காகவே உன்னை மன்னிக்க மாட்டேன்.

அப்பா நம் அறைக்கு வந்ததே இல்லை. "கள்ளக்குறிச்சியில உங்க ஆபீசு எந்தப் பக்கம் கீது?" என்று என்னைத்தான் கேட்டார். நான், "ரெஜினாகிட்ட ஏம்ப்பா போனீங்க?" என்று கேட்டதும் அவருக்குப் புரியவே இல்லை.

"நான் எங்கம்மா போனேன்? அந்தப் பொண்ணுதான் ஆலை சாரோட ஜீப்புல வந்துச்சி. 'அப்பா, மலரு உங்களுக்கு செஞ்சி குடுத்துடுச்சி, நேர்ல சொல்ல கூச்சப்படுது, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க'ன்னுச்சி. போட்டேன். இன்னாம்மா இது, உனுக்குத் தெரியாததா?" என்றார்.

மலை மேல் உட்கார்ந்து உனக்கு நான் எழுதியதை, வேறு யாரிடமும் சொல்லாததை, நீ எடுத்துக்கொண்டு போய் என் அப்பாவின் வாசலில் வைத்திருக்கிறாய். எந்த இடத்தில் எனக்கு வலிக்கும் என்று நானே உனக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். உறவாடிக் கெடுப்பது என்று ஊரில் சொல்வார்கள், அது எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

பென் டிரைவையும் பார்த்தேன். நீ 'செட்' போட்டது கார்த்திகையில் இல்லை, ஐப்பசியில். அப்பாவின் தேதி மாறுவதற்கு முன்பே பெரிய தோட்டங்களின் தேதிகள் வரிசையாக மாறியிருக்கின்றன. எல்லாம் என் பெயரில். அப்பாவின் பதிவு கடைசியில்தான். எனக்கு விஷயம் தெரிந்தாலும் நான் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் முதலில் என் அப்பாவின் கரும்புதான் தெரிய வேண்டும். அதற்காகத்தானே?

எதற்காக இதெல்லாம் என்பதை ரெக்ஸ்தான் சொன்னான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆலை வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, உங்களாலதாங்க்கா எனக்குப் பர்மனென்ட் ஆச்சி. நீங்க அந்தத் தேதி வேலைய முடிச்சிக் குடுத்தா ஆர்டர் போட்டுடறேன்னு சுபாஷ் சாரு சொன்னாராம். நீங்க தட்டாம செஞ்சீங்களாமே" என்றான். கல்யாணத்துக்கு அவசியம் வரச் சொன்னான். அவன் வேலைக்கு நான் வழி அடைக்க மாட்டேன். தம்பிக்காக என்று ஒரு வார்த்தை நீ என்னிடம் கேட்டிருந்தால் ஆலை ஆலையாகப் போய் நின்றிருப்பேன். முடியாது என்றாவது உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். நீ கேட்கவே இல்லை.

நேற்று மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டினேன். ஜூன் மாதம் உனக்கு அனுப்பியதன் நகல் என்னிடம் இருந்தது, மலை வீட்டுத் தினைப் பானைக்குப் பக்கத்தில். அதிலிருந்து உண்மையான நடவு தேதிகளைப் படித்துக் காட்டினேன். மாறியது எதையும் அழிக்கவில்லை. அதன் மேல் சரியான தேதியோடு புதிய பதிவு போட்டு, ஏன் போட்டேன் என்றும் எழுதி, ஆலை முதலாளியிடமே கொடுத்துவிட்டேன். வெட்டாமல் மிச்சம் நிற்கிற கரும்புக்காவது வரிசை சரியாகும். உன் 'செட்'டுக்குப் பக்கத்தில் என் பெயர் அப்படியே இருக்கும். அதை அழித்து எழுத எனக்கும் தெரியும். எழுத மாட்டேன்.

சாலம்மாள் அக்காவின் கரும்பை நீ சொன்ன வாரத்தில்தான் வெட்டினார்கள். பாதிக்கு மேல் சக்கை. கூட்டத்தில் அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார். "நீ மாத்தலன்னு சொல்ற. அப்ப அதுல உன் பேரு எப்படிம்மா வந்துது?" என்றார். என் சிநேகிதி போட்டாள் என்றேன். அக்கா ஆடியில் சொன்ன மாதிரி "நீ சொன்னா சரி" என்று சொல்லவில்லை. புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு போய்விட்டார்.

துருகம் சாலை ஆபீஸ் அறையில் என் பொருள் என்று இருப்பது அந்தப் பழைய மடிக்கணினி மட்டும்தான். அதை அய்யப்பன் அண்ணனிடம் கொடுத்துவிடு. வேறு கவர் எதுவும் கொடுக்காதே, வாங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். "இன்னாம்மா, சண்டையா?" என்றார். சண்டை என்றால் சமாதானம் ஆகும் என்று நினைக்கிறார். கம்பெனியை நீயே வைத்துக்கொள். ரீத்தா அம்மாவிடம் நீ எதைச் சொல்வாயோ எனக்குத் தெரியாது, கடுக்காய் தொடர்ந்து அனுப்புவேன், அது அவருக்கு.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். கூட்டம் முடிந்து அப்பாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். கரும்பு வெட்டிய நாளிலிருந்து அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம், "பஸ் ஏறும்போது முடியாதுன்னுச்சி எம் பொண்ணு, வூட்டுக்குப் போயி மனசு கேக்காம செஞ்சிடுச்சி" என்று. டீக்கடையில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும். அந்தச் சேலையும் அதற்காகத்தான் எடுத்திருக்கிறார். நான் அதைக் கட்டிக்கொண்டுதான் கூட்டத்தில் நின்றேன், தெரியாமல்.

மறுதாம்பு பக்கம் வந்ததும் அப்பா நின்றார். கோபம் இல்லை அவர் முகத்தில். அடி வாங்கிய மாதிரி இருந்தது.

"அப்ப நீ எனுக்கு எதுவும் செய்யலையாம்மா?" என்று கேட்டார்.

சி. மலர்விழி